மாதம்மா சொன்னதும் நான் சொன்னதும்

புதிதாக வேலைக்குச் சேரும் நிருபர்களுக்கு நம் அலுவலகத்தில் ஒரு காணொளித் துண்டைப் போட்டுக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஓர் அரங்க மேடை. நடுவில் அமைச்சர். அவருக்கு இடப்பக்கம் சிவப்புச் சேலையில் அறுபது வயதை ஒட்டிய ஓர் இருளர் பெண். அவருக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்தபடி நரைத்த தலையோடு ஒருவர். அந்த நரைத்த தலை என்னுடையது. குரலற்றவர்களுக்குப் பத்திரிகையாளர் எப்படிக் குரலாக வேண்டும் என்பதற்கு அது உதாரணமாம். பணி ஓய்வுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்த அனுபவத்தைப் பற்றி உங்களுக்கு எழுதித் தரச் சொன்னதும் அதற்காகத்தான்.

எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மேடையில் குரல் இல்லாதவர் யாரும் இருக்கவில்லை. மாதம்மாவுக்கு நல்ல கணீர்க் குரல். காணொளியில் அது இருக்க வேண்டிய இடத்தில்தான் என் குரல் இருக்கிறது.

அப்போது பெங்களூரில் புதிய அரசு பதவிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எதிர்க்கட்சியாக இருந்தபோது காட்டோர மக்களோடு தரையில் உட்கார்ந்து களி சாப்பிட்டவர்கள் சிலர் அமைச்சர்கள் ஆகியிருந்தார்கள். அதை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்சி மாறியதும் முதலில் சொற்கள் மாறின. அரசுச் செய்திக் குறிப்புகளில் அதுவரை ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று இருந்தவர்கள் ‘மண்ணின் முதல் மக்கள்’ ஆனார்கள். விறகு பொறுக்கியதற்கும் தேன் எடுத்ததற்கும் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவோம் என்றார்கள். மனித உரிமைக்கென்று ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். பழங்குடி மக்களை வரவழைத்து அமைச்சரே நேரில் குறை கேட்பார் என்று அறிவித்தார்கள். முந்தைய அரசு காது கொடுக்கவில்லை. இந்த அரசு காது கொடுத்தது. ஆனால் ஒரு கண்ணைக் கடிகாரத்தின் மீது வைத்துக்கொண்டு கொடுத்தது.

பெங்களூர்க் கூட்டம் நகரின் நடுவே ஓர் அரசு அரங்கில் நடந்தது. முதலில் ஒருவர் பேசினார். காட்டுச் சோதனைச் சாவடியில் தன்னை எப்படி அடித்தார்கள் என்று கன்னடத்தில் சொன்னார். அமைச்சர் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மீதான வழக்கை அங்கேயே ரத்து செய்யச் சொன்னார். பத்திரிகையாளர் வரிசையில் எல்லோருக்கும் தலைப்பு கிடைத்துவிட்டது. இனிமேல் யார் பேசினாலும் அது உள்பக்கத்துக்குத்தான் என்ற நிலையில் மாதம்மா மேடை ஏறினார். ஆனேக்கல்லைத் தாண்டி, காட்டை ஒட்டி இருக்கும் ஒரு தொட்டியிலிருந்து வந்தவர். தொட்டி என்பது அந்தப் பக்கத்தில் இருளர்கள் தங்கள் சிற்றூருக்குச் சொல்லும் பெயர்.

“ஹேளி அம்மா” என்றார் அமைச்சர். சொல்லுங்கம்மா.

மாதம்மா மைக்கை ஒருமுறை பார்த்தார். “கன்னடத்துல எனக்கு வெல கேக்கத்தான் வரும் சாமி. இத எங்க பேச்சுலதான் சொல்லணும்.”

இருளர் பேச்சு தமிழுக்குப் பக்கத்துப் பேச்சு. அதை அப்படியே எழுத எனக்கு வராது. என் காதில் விழுந்த விதத்தில், நமக்குப் பழகிய தமிழில் எழுதுகிறேன்.

அமைச்சருக்கு மகிழ்ச்சி. இந்த அரசு உங்களை உங்கள் மொழியிலேயே கேட்கும் என்று சபையைப் பார்த்துச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. அடங்கியதும்தான் சிக்கல் புரிந்தது. துறை ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளருக்கு மைசூர்ப் பக்கத்து வேறொரு பழங்குடியின் மொழிதான் தெரியும். அவர் இரண்டு கைகளையும் விரித்தார். அமைச்சரின் செய்தித் தொடர்பாளர் எங்கள் வரிசைக்கு ஓடி வந்தார்.

“தமிழ் பேப்பர் சார்! வாங்க, வாங்க. அது உங்க தமிழ்தானே?”

“தமிழ் இல்லை. தமிழ் மாதிரி.”

“மாதிரின்னா போதும் சார். மினிஸ்டருக்கு அடுத்த ப்ரோக்ராம் லேட் ஆகுது.”

பக்கத்தில் இருந்த கன்னடப் பத்திரிகை நண்பர் என் விலாவில் இடித்தார். “ஹோகி குரு, இவத்து நீவே ஸ்டார்.” போங்க குரு, இன்றைக்கு நீங்கள்தான் ஸ்டார்.

ஒரு நொடி தயங்கினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தயங்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஏறினேன்.

மாதம்மா பேச ஆரம்பித்தார். எனக்குப் புரியவில்லை என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. பெரும்பாலும் புரிந்தது. ஓர் ஓடையில் தொடங்கினார். ஓடையிலிருந்து ஒரு பாறைக்குப் போனார். பாறையிலிருந்து ஒரு மரத்துக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் சொன்னார், அங்கே நடந்த ஒன்றைச் சொன்னார், கையை நீட்டிக் காட்டினார். பிறகு அடுத்த இடம். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. நடுவில் ஒரு இடத்தில் நின்று, “வூடு வேணும்னு நான் வரல” என்றார். மறுபடியும் இடங்கள்.

மேடைக்குக் கீழே செய்தித் தொடர்பாளர் சுட்டுவிரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். முடியுங்கள், முடியுங்கள். அமைச்சர் நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டார். என் மனதில் ஒரு கணக்கு ஓடியது. அமைச்சர் இன்று கொடுக்கும் மனநிலையில் இருக்கிறார். அறிவிக்கக்கூடிய ஒன்றைக் கேட்டால் கொடுத்துவிடுவார். இந்த அம்மா ஓடையையும் மரத்தையும் சொல்லிக்கொண்டே இருந்தால் அமைச்சர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார், இவர் வெறுங்கையோடு பஸ் ஏறுவார். அதை நான் தடுக்க வேண்டும்.

கன்னடத்தில் நான் சொன்னது இவ்வளவுதான்: “இவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டோரத்தில் வாழ்கிறார்கள். அந்த மண்ணோடு இவர்களுக்கு ஆழமான உறவு. ஆனால் சாலை இல்லை, மின்சாரம் இல்லை, கூரை ஒழுகுகிறது. தங்களுக்கென்று நிலமும் நல்ல வீடும் வேண்டும் என்று கேட்கிறார்.”

சாலையும் மின்சாரமும் கூரையும் அவர் சொன்னவையே இல்லை. காட்டோரத்து மக்கள் என்றால் அவை இருக்காது என்று எனக்குத் தெரியும். அந்தச் செய்தியைப் பலமுறை எழுதியிருக்கிறேன்.

அமைச்சர் எழுந்து மாதம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்தார். “மனே கொட்டே கொடுத்தேவே அம்மா!” வீடு கட்டாயம் கொடுப்போம். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன், மைக் கையில் இருந்ததால் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

அப்போது மாதம்மா என் பக்கம் திரும்பினார். “அவ்ளோதானா?” என்று கேட்டார். இவ்வளவு நேரம் நான் பேசியது அவ்வளவுதானா?

“எல்லாம் சொல்லிட்டேன்மா” என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசிக்கும்போது பத்திரிகையில் என் முதல் தலைமை உதவி ஆசிரியர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். தங்கவயல் சுரங்கக் குடும்பத்திலிருந்து வந்த எனக்குத் தமிழும் கன்னடமும் ஒன்றாகவே ஓடும். ஆனால் எழுதத் தெரியாது. எழுதக் கற்றுத் தந்தவர் அவர். காவிரி விவகாரம் சூடாக இருந்த ஒரு மாலையில், எங்கள் நிருபர் ஒருவர் பஸ் நிலையத்தில் நடந்த கைகலப்பைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். முதல் கல்லை எறிந்தவன் எந்த மொழிக்காரன் என்று அதில் இருந்தது. இவர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘ஒருவர்’ என்று எழுதினார்.

நிருபர் எகிறினார். “சார், நான் கண்ணால பாத்தேன் சார்!”

“நீ பாத்தது நெஜம்டா. நாளைக்குக் காலைல பிரேசர் டவுன்ல நம்மாளு ஒருத்தன் பால் வாங்கப் போறான் பாரு, அவன் உயிரும் நெஜம். உக்காரு, டீ குடி.”

மறுநாள் வேறு ஊர்களிலிருந்து வந்த தாள்களில் அந்தச் சொல் இருந்தது. எங்களுடையதில் இல்லை. பெங்களூரில் தமிழ்ப் பத்திரிகை நடத்துவது என்றால் இதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்று, இந்தப் பக்கத்துக் கூர்மை அந்தப் பக்கம் குத்தாதபடி மழுக்கி அனுப்புவது. அதில் நான் கெட்டிக்காரன் ஆனேன். தமிழ் அமைப்புக்காரர்கள் கன்னட அதிகாரிகளைப் பார்க்கப் போனால் என்னைக் கூட்டிப்போவார்கள். இவர்கள் கத்துவதை நான் வேண்டுகோளாக மாற்றுவேன். அவர்கள் மறுப்பதை நான் பரிசீலனையாக மாற்றுவேன். எல்லோரும் காபி குடித்துவிட்டுக் கலைவோம். எப்போது வெட்ட வேண்டும் என்றுதான் அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்தார். நான் வெட்டுவதை மட்டும் கற்றுக்கொண்டேன்.

மேடைக் காட்சியை ஒரு தொலைக்காட்சி எடுத்துப் போட்டது. பேச்சு நீளம் என்று மாதம்மாவின் குரலைக் குறைத்து வயலின் இசையைச் சேர்த்திருந்தார்கள். என் குரல் மட்டும் தெளிவாக இருந்தது. அது கைபேசி கைபேசியாகப் போயிற்று. ஆசிரியர் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். என் பணி ஓய்வு விழாவில் அதைத் திரையில் போட்டார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிந்த தலையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலம் கழித்து ஸ்டெல்லா தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆனேக்கல் பகுதியைப் பார்க்கும் நிருபர். உங்களில் பலருக்குத் தெரிந்தவள்.

“சார், நீங்க மேடையில மொழிபெயர்த்தீங்கல்ல, மாதம்மா. அவங்க தொட்டியிலதான் நிக்கறேன்.”

“எப்படி இருக்காங்க? வீடு குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்க சார். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால. மூணாவது மாடி.”

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லப் புரிந்தது. அந்தத் தொட்டி மக்கள், தாங்கள் வாழும் இடத்துக்கும் காட்டில் தாங்கள் புழங்கும் இடங்களுக்கும் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கேட்டு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார்கள். அது நிலுவையில் இருந்தது. அமைச்சர் அறிவித்துவிட்டதால் அதிகாரிகள் அவசரம் அவசரமாகக் குடியிருப்பு தேடியிருக்கிறார்கள். காட்டோரத்தில் கட்ட அனுமதி கிடைக்காது. காலியாக இருந்தவை அந்த மாடி வீடுகள்தான். லாரியும் சாவியுமாக வந்து நின்றார்கள். நாங்கள் எங்கேயும் போகவில்லை என்று மக்கள் சொன்னபோது அதிகாரி கைபேசியை எடுத்து அந்தக் காணொளியைப் போட்டிருக்கிறார். பாருங்கள், உங்கள் ஆள்தான் கேட்டிருக்கிறார். மாற்று வீடு கேட்டு வாங்கிக்கொண்டவர்களுக்குக் காட்டு உரிமை எதற்கு?

“அவங்க தங்கச்சி குடும்பம் லாரியில ஏறிப் போயிடுச்சு சார். இன்னும் சில பேர் போயிட்டாங்க. மிச்சம் இருக்கறவங்க மாதம்மாகிட்ட மொகம் குடுத்துப் பேசறதில்ல. மேடை ஏறினதும் மாறிட்டாங்கன்னு சொல்றாங்க. சார், ஒண்ணு கேக்கலாமா? அவங்க வீடு கேட்டாங்களா?”

“கேக்கல.”

“அப்புறம் யாரு சார் கேட்டது?”

“நான் கேட்டேன்.”

“வாங்க சார்” என்றாள். வாருங்கள் என்று என்னை அவ்வளவு மரியாதை இல்லாமல் யாரும் கூப்பிட்டதில்லை. அவள் செய்தது சரி.

ஆனேக்கல் வரை பஸ்ஸில் போனேன். அங்கிருந்து ஸ்டெல்லாவின் ஸ்கூட்டர். தொட்டியில் பாதி வீடுகள் சாத்திக் கிடந்தன. புளியமரத்தடியில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மாதம்மா அவர்களோடு இல்லை. எதிரே தன் வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். மரத்தடியிலிருந்து ஓர் இளைஞன் எழுந்து வந்தான். வெங்கடேசன். மாதம்மாவின் தம்பி மகன். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கார் ஓட்டுகிறவன்.

“வாங்க ஸ்டாரு! எங்களுக்கெல்லாம் அபார்ட்மென்ட் வாங்கிக் குடுத்தவரு. லிஃப்ட்டு ஓடலியே சார், அதையும் மினிஸ்டர்கிட்ட சொல்லிடுங்க.”

மரத்தடியில் சிரிப்பு. வாசலில் இருந்து மாதம்மாவின் குரல் வந்தது. “யாரு, ‘அவ்ளோதான்’ சாரா? வந்துட்டாரா?”

அதுதான் எனக்கு அங்கே பெயர். சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. மாதம்மாவோடு அவர்கள் சேர்ந்து சிரித்தது பல வாரங்களுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று ஸ்டெல்லா பிறகு சொன்னாள்.

அவர் முன்னால் போய் நின்று, தப்பு செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பஸ்ஸில் வரும்போது இதைவிட நீளமாகத் தயாரித்து வைத்திருந்தேன். அவர் கத்தியை நிறுத்தவில்லை.

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத்தான் தெரியாது. அங்க போய்ச் சொல்லு.”

மரத்தடிக்குப் போனேன். மாதம்மா வீடு கேட்கவில்லை, வீடு வேண்டும் என்று வரவில்லை என்றுதான் சொன்னார், அதை நான் மாற்றிச் சொன்னேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒரு வயதான பெண் எழுந்து மாதம்மாவின் பக்கம் இரண்டு அடி வைத்து, பிறகு நின்றுவிட்டார்.

வெங்கடேசன்தான் கேட்டான். “செரி சார். வூடு கேக்கல. அப்ப அத்தை அவ்ளோ நேரம் என்னதான் பேசுச்சு? அதச் சொல்லுங்க.”

“ஓடையைப் பத்திச் சொன்னாங்க. அப்புறம் ஒரு பாறை...”

“எந்தப் பாறை?”

எனக்குத் தெரியவில்லை.

“அப்புறம்?”

“ஒரு மரம்.”

“காட்டுல மரம் நெறைய இருக்கு சார்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் பத்திரிகையாளன். வேலை முழுவதும் அடுத்தவர் சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதுதான். மேடையில் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்று, தெளிவான குரலில், எனக்குப் புரிந்த பேச்சில் ஒருவர் சொன்னதில் ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை. மறந்துபோகவில்லை. மறப்பதற்கு முதலில் அது உள்ளே போயிருக்க வேண்டும். அவர் பேசும்போதே, இது வேண்டாம், இது திரும்பத் திரும்ப வருகிறது, இது உள்பக்கம் என்று நான் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த மரத்தடியில் நின்றதுபோல என் வேலையில் நான் எங்கும் நின்றதில்லை.

மாதம்மா கிழங்கைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தார். “நாளைக்கு வெய்யில் ஏறதுக்கு முன்னால வா. நடக்கலாம். வாய மூடிக்கிட்டு வா.”

மறுநாள் நடந்தோம். முன்னால் மாதம்மா, பின்னால் வெங்கடேசன், ஸ்டெல்லா, நான், தொட்டிக்காரர்கள் சிலர். முதல் நாள் பாதியில் நின்ற அந்த வயதான பெண்ணும் வந்தார். ஓடை. கோடையிலும் ஈரம் காயாத அதன் ஒரு திருப்பம். தேன் எடுக்கும் பொந்து உள்ள மரம். கிழங்கு தோண்டும் பள்ளம். தெய்வம் இருக்கும் கல். பெயர்களை இங்கே எழுதவில்லை; அவை இப்போது எழுத வேண்டிய இடத்தில், உரிமை விண்ணப்பத்தில், இருக்கின்றன. ஒரு பாறை அருகே மாதம்மா நின்றார். “இங்க என் மாமியா.” கொஞ்சம் தள்ளி, புல் மூடிய ஒரு மேட்டைக் காட்டினார். “இங்க என் பெரிய புள்ள. பேர் வெக்கறதுக்கு முந்தியே போய்ட்டான்.”

யானை வராமல் இருக்க வெட்டிய அகழியில் பாதை முடிந்தது. மிச்ச இடங்கள் அதற்கு அப்பால். அவர் கரையில் நின்று கையை நீட்டி அவற்றையும் சொன்னார்.

திரும்பும்போது, வாயை மூடிக்கொண்டு வா என்றதை மீறிக் கேட்டேன். “அந்தக் குழந்தையைப் பத்தி அன்னிக்கு மேடையிலயும் சொன்னீங்களாம்மா?”

“சொன்னனே” என்றார். “நீ தலையாட்டினியே.”



அந்த மக்களுக்காக வாதாடும் வழக்கறிஞர் ஒருவர் பிறகு எனக்கு விளக்கினார். காட்டு உரிமை கேட்பவர்கள் அங்கே காலங்காலமாகப் புழங்கியதற்குச் சான்று தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாத மக்களுக்கு, ஊர்ப் பெரியவர்கள் சொல்வதே ஒரு சான்றாக ஏற்கப்படும். ஓடை எது, கல்லறை எது, தெய்வக் கல் எது என்று சொல்லும் வாய்மொழி. மாதம்மா தன் மக்களின் சான்றை ஒன்று விடாமல் அமைச்சர் முன் வைத்திருந்தார். நிருபர்களும் அதிகாரிகளும் கேமராக்களும் இருந்த சபையில். அதை அலங்காரம் என்று நான் வெட்டிவிட்டேன். அந்த அரசு கேட்கத் தயாராக இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கேட்கும் வாய்ப்பை நான் அதற்குத் தரவில்லை.

உரிமை விண்ணப்பத்தின் மீது மறு விசாரணை கேட்டார்கள். கிடைத்தது, அதையும் இந்த அரசின் கணக்கில் எழுத வேண்டும். நான் சாட்சியாகப் போனேன். மாதம்மா பேச, வெங்கடேசன் கன்னடத்தில் சொன்னான். ஒரு வாக்கியம் பேசிவிட்டு அவர் நிறுத்துவார், அவன் சொல்லி முடிக்கும்வரை அவன் வாயையே பார்ப்பார், பிறகுதான் அடுத்தது. முன்பு அவரிடம் அந்தப் பழக்கம் இல்லை. நான் உண்டாக்கியது.

விசாரணை அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். என்னைப் பார்த்து, “சார், நீங்களும் நல்லதுக்குத்தானே செஞ்சீங்க?” என்றார்.

“ஆமாம். அதுதான் பிரச்சினை.”

“என்ன விட்டுப்போச்சுன்னு சொல்ல முடியுமா?”

“அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது. நான் கேட்கவே இல்லை. அவர் பேசும்போது வெட்டிக்கொண்டிருந்தேன்.”

அவர் எழுதிக்கொண்டு எனக்குப் படித்துக் காட்டினார். மொழிபெயர்ப்பில் சிறு குறைபாடு நேர்ந்ததாகச் சாட்சி ஒப்புக்கொள்கிறார் என்று இருந்தது. “‘சிறு’ என்பதை எடுத்துவிடுங்கள்” என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தச் சொல்லை அடித்தார். இந்த விவகாரம் முழுவதிலும் நான் சரியாக வெட்டிய சொல் அது ஒன்றுதான்.

முடிவு இன்னும் வரவில்லை. மரத்தடியில் இப்போது மாதம்மாவுக்கு இடம் இருக்கிறது. அவர் தங்கை இன்னும் மூன்றாவது மாடியில்தான் இருக்கிறார். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது என்று தங்கையின் மருமகள் சொல்கிறாள்; திரும்பி வர அவளுக்கு மனமில்லை. அக்காவும் தங்கையும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. என் சாட்சியால் அதைச் சரிசெய்ய முடியாது.

அந்தக் காணொளியை உங்களுக்குக் காட்டுவதை நிறுத்தச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். வேண்டாம், காட்டட்டும். ஆனால் நான் சொல்கிறபடி பாருங்கள். முதலில் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிடுங்கள். வயலினும் வேண்டாம், நானும் வேண்டாம். மாதம்மாவின் வலது கையை மட்டும் பாருங்கள். முதலில் கீழே இடப்பக்கம் போகும், அது ஓடை. பிறகு மேலே எழும், பாறை. நடந்து வந்த பிறகு நான் இதைப் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். கை போகும் ஒவ்வொரு திசையும் சரியாக இருக்கிறது. குளிர்சாதன அரங்கில், எங்கள் எல்லோருக்கும் முன்னால், அவர் நின்ற இடத்திலேயே அந்த வழி முழுக்க நடந்திருக்கிறார். பாறைக்குப் பக்கத்தில் கை ஒரு கணம் தாழ்ந்து, தரையில் எதையோ தொடுவதுபோல நிற்கும். அதே கணத்தில் திரையின் ஓரத்தில் ஒரு நரைத்த தலை ஆடுவதைப் பார்ப்பீர்கள்.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்பார். அங்கே மட்டும் ஒலியைக் கூட்டுங்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது நன்றாகவே கேட்கும்.